கணக்கு உதைக்கிறது

முப்பத்து நான்கு வருடம் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து, அதற்குச் சம்பளமும் பஞ்சப்படியும் வாங்கி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவன் நான். ஒரு சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தை நான் பிரித்தாலே செயலாளருக்கு வேர்க்கும். தேதி முன்பின்னாக இருக்கும் ரசீது, ஒரே பேனாவில் எழுதிய மூன்று மாத வவுச்சர் எல்லாம் எனக்கு வாசலிலேயே வாசனை அடிக்கும். அப்பேர்ப்பட்ட மூக்கு, சொந்த வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஒரு வருஷம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஓய்வு பெற்றவனைச் சும்மா இருக்க விடுவார்களா? எங்கள் தெரு நலச் சங்கத்துக்குப் பொருளாளர் ஆக்கினார்கள். வாட்ச்மேன் சம்பளம், போர் மோட்டார் ரிப்பேர், பிள்ளையார் சதுர்த்திச் சுண்டல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். 2023 அக்டோபர் 25, புதன்கிழமை. ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள். பொரிகடலை இன்னும் தூக்கில் மிச்சம் இருந்தது. அரையாண்டுக் கணக்கை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணக்கு 37 ரூபாய் உதைத்தது.

36 உதைத்திருந்தால் எனக்கு மூன்று நிமிட வேலை. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ 95 என்பதை 59 என்று இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நேரே போய்ப் பிடித்துவிடலாம். 37 எதிலும் அடங்காத ரவுடி எண். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆழ்ந்து யோசித்தேன். திரை இருண்டது.

கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யூ.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு எரிந்தது. மேஜைக்கடியில் மட்டும், ஓடிக்கொண்டிருந்த பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிப்போயிருந்தது. பட்டனை அழுத்தினேன், வரவில்லை. இன்னொரு தரம். மூன்றாம் தரம் அழுத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து, 'வணக்கம்' என்கிற முகத்தோடு நின்றது. சேமிக்காத பதினேழு வரிகள் போயே போயின.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், இதே கதை. முன்னறிவிப்பு கிடையாது. கெட்டுப்போன கம்ப்யூட்டரிலும் ஒரு ஜாதி ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நீலத் திரை வந்து சாவது கௌரவமான சாவு. அதில் ஒரு பிழைக் குறி வரும், எந்த இடத்தில் எது மோதியது என்று விண்டோஸே ஒரு வாக்குமூலம் எழுதி 'மினிடம்ப்' என்று ஒரு கோப்பில் போட்டு வைக்கும். 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஸ்கேனரைச் சொருகியவுடன் விண்டோஸ் 98 விழுந்ததே, அது அந்தக் கௌரவமான ரகம். உலகமே பார்த்துக் கைதட்டியது. என்னுடையது அப்படியில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போகிற ரகம்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் அதே கம்ப்யூட்டரில்தான், அதே நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, புனேயில் இருக்கும் மகளோடு மணிக்கணக்கில் முகம் பார்த்துப் பேசுகிறாள். ஒரு நாளும் அவளிடம் அது வாலாட்டியதில்லை.

"என்கிட்ட ஒழுங்காத்தானே இருக்கு? நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல. யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நான் யோசிக்கிறப்பல்லாம் இது நின்னுடுது."

"அப்போ வாரத்துக்கு ஒரு நாள்தான் யோசிக்கிறீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்த உரையாடலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். நான்தான் வைத்திருக்கவில்லை.

பெங்களூரில் அக்கா மகன் ஒருவன் கம்ப்யூட்டரிலேயே குடித்தனம் நடத்துகிறான். ஃபோனில் கேட்டுவிட்டு, "மாமா, ராமைக் கழட்டி ரப்பர் வச்சுத் தேய்ச்சுப் போடுங்க" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லையாம், அந்தப் பட்டையின் ஓரத்தில் பொன்முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும், அதில் பாசி படிந்தாற்போல அழுக்கேறினால் தொடர்பு விட்டு விட்டு வரும், பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போதும், ஊரெல்லாம் இதுதான் வைத்தியம் என்றான். வீட்டில் பேத்தி விட்டுப்போன ரப்பர் ஒன்றுதான் இருந்தது. ஸ்ட்ராபெரி வாசனை. தேய்த்து, துகளை ஊதி, திரும்பச் சொருகினேன். ஒரு பக்கத்துக் கொக்கி மாட்டவில்லை என்பது எனக்குத் தெரியாது. பட்டனை அழுத்தியதும் பெட்டி ஈனஸ்வரத்தில் 'பீப் பீப்' என்று கத்தியது. வாரத்துக்கு ஒரு முறை நின்றுபோன கம்ப்யூட்டரை முழுக்கவே நிறுத்திவிட்ட பெருமையோடு அன்றிரவு படுத்தேன். மறுநாள் கொக்கியை மாட்டினேன், ஓடியது. அறை முழுக்க ஒரு வாரம் ஸ்ட்ராபெரி வாசனை. எட்டாம் நாள் நின்றது.

அடுத்து சர்வீஸ் கடை. தமிழ்நாட்டில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் எந்த வியாதியோடு போனாலும் ஒரே மருந்துதான். தம்பி கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சுரலாம் சார்" என்றான். ஃபார்மட் அடித்தார்கள். நாலு நாள் அங்கேயே ஓட விட்டுப் பார்த்தார்கள். ஒரு தரம்கூட நிற்கவில்லை. "தங்கமா ஓடுது சார்" என்று கொடுத்தான். அடுத்த வீட்டுக்குப் போனால் சமர்த்தாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தரையில் புரளுகிற பிள்ளைபோல, கொண்டுவந்த மூன்றாம் நாள் நின்றது. நடுவில் என் தமிழ் எழுத்துரு, மனைவி சேர்த்து வைத்திருந்த கோல டிசைன்கள், என் கடவுச்சொற்கள் எல்லாம் காற்றோடு போயிருந்தன. புதிய விண்டோஸில் முதல் வேலையாக, பவர் பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பழையபடி 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றி வைத்தேன். காரணம், மூன்று வயதுப் பேத்தி. லீவுக்கு வந்தால், நீலமாக மினுக்கும் அந்தப் பட்டனைக் கண்டதும் ஓடி வந்து அழுத்துவாள், அணைந்துவிடும். இப்படி மாற்றி வைத்தபின் எத்தனை தரம் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பட்டனை இப்படிப் பல் பிடுங்கிய பாம்பாக்கி வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பிறகு சூட்டின் மேல் சந்தேகம் வந்தது. மாசி முடிந்து வெயில் ஏறியிருந்தது. தஞ்சாவூர் வெயிலில் மனிதனே நின்றுபோகிறான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கம்பளி நெய்கிற அளவுக்குத் தூசி. அதோடு ஒரு தலை ஊசி, இரண்டு கரப்பான் பிரேதம், ஓரத்தில் ஒட்டியிருந்த பல்லி முட்டை. 1947 செப்டம்பரில் ஹார்வர்டின் மார்க்-2 கணிப்பொறி தகராறு செய்தபோது உள்ளே ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்ததாம். அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி, பூச்சியை நேரிலேயே பிடித்துவிட்டோம் என்று கிண்டலாக எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் அமெரிக்காவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னுடைய பல்லி முட்டையை மனைவி முறத்தில் வாரி வெளியே போட்டுவிட்டாள். சரித்திரத்தில் இடம் பிடிப்பதற்கும் குடும்பம் ஒத்துழைக்க வேண்டும். சுத்தம் செய்தபின் பிராசசர் சூடு அறுபது டிகிரியைச் சுற்றியே நின்றது. நூறை நெருங்கினால்தான் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், தாங்காவிட்டால் அணைந்துகொள்ளும். ஆகவே சூடு நிரபராதி. எனக்கு மட்டும் பத்து நாள் தும்மல்.

தகட்டைக் கழற்றியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சரியாகச் சொன்னால் விரலில் பட்டது. பெட்டியைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல ஒரு சுரீர். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து, "எர்த்தே இல்லையே சார், எப்படிக் குடியிருக்கீங்க?" என்றார். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்களாம். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி பெட்டியின் உடம்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். மின்னோட்டம் ரொம்பக் கொஞ்சம் என்பதால் ஆளைக் கொல்லாது, கடித்துப் பார்க்கும். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குழாய் இறக்கி, எர்த் கொடுத்தார்கள். சுரீர் நின்றது. கம்ப்யூட்டரும் நான்காம் நாள் நின்றது.

இதற்குள் நான் நோட்டுப் போட ஆரம்பித்திருந்தேன். தணிக்கையாளன் புத்தி. நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, தேதி, கிழமை, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நாலு பத்தி. நாலாவது பத்தியில் பெரும்பாலும் ஒரே வார்த்தை: 'யோசனை'. அதற்குக் கீழே 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. இதே மாதிரி ஒரு வவுச்சர் புத்தகத்தை எவனாவது என் முன்னால் நீட்டியிருந்தால் அன்றைக்கே அவனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யச் சொல்லி எழுதியிருப்பேன்.

என் அம்மாவுக்கு 84 வயது. கூடத்துக் கட்டிலில் இருந்தபடியே வீட்டு நிர்வாகம் நடத்துகிறவள். அவளிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டினது, வாசற்படியில் உட்கார்ந்து காபி குடித்தது, நாற்காலியில் உட்கார்ந்தால் காலாட்டுவது, விளக்கு வைத்தபின் குப்பையைக் கூட்டி வெளியே தள்ளினது. எல்லாவற்றுக்கும் மேலாக, ராகு காலம் பார்க்காமல் மிஷினில் கை வைப்பது. "லட்சுமி எப்படிடா தங்குவா இந்த வீட்டுல?"

இந்தப் பட்டியலில் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது ராகு காலம் ஒன்றுதான். ஆகவே போட்டேன். தை மாதம் முதல் ஆனி வரை என் நோட்டில் 24 மரணங்கள். ஒரு நாளைக்கு ராகு காலம் ஒன்றரை மணி. பகல் பன்னிரண்டு மணி. எட்டில் ஒரு பங்கு. ராகுவுக்குச் சம்பந்தமே இல்லாமல் எல்லாம் தற்செயலாக நடந்தாலும் 24-இல் 3 அதில் விழ வேண்டும். எண்ணிப் பார்த்தேன். சரியாக மூன்று. ராகுவை விடுதலை செய்தேன். அம்மாவிடம் இதை விளக்கியபோது, "மூணு தரம் நடந்திருக்கே, அது போறாதா?" என்றாள்.

பெங்களூரான் இன்னும் மேலே போனான். விண்வெளியிலிருந்து வரும் துகள் ஒன்று நினைவகத்தில் மோதினால் ஒரே ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகப் புரண்டுவிடலாம் என்றான். 2003-இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக் கணக்கில்லாமல் 4096 ஓட்டு அதிகம் விழுந்ததாம். இரண்டைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் 4096. பதின்மூன்றாவது பிட் மட்டும் புரண்டிருக்கிறது. வேறு எந்தத் தப்பும் கண்டுபிடிக்க முடியாமல் காஸ்மிக் கதிர் மேல் பழி போட்டார்கள். இந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கோடானு கோடி மைல் தாண்டி ஒரு துகள் நேரே தஞ்சாவூருக்கு வந்து, ஓய்வு பெற்ற தணிக்கையாளனைத் தேடி அடிப்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. சங்கக் கூட்டத்தில்கூட அந்த 37 ரூபாய்க்கு இதையே சொல்லலாமா என்று நப்பாசை வந்தது. 37 இரண்டின் அடுக்கு இல்லை. காஸ்மிக் கதிரும் கைவிட்டது.

ராமைத் தீர விசாரிக்க மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென்டிரைவில் ஏற்றி அனுப்பச் சொன்னேன். விண்டோஸ் இல்லாமலே ஓடி, நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, எழுதினது எழுதினபடி இருக்கிறதா என்று பார்க்கும். தணிக்கை என்றால் அது தணிக்கை. இரவு ஒன்பது மணிக்குத் தட்டிவிட்டுப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். காலையில் நாலு சுற்றும் முடிந்து, பிழை பூஜ்யம். இரவு முழுக்க ஒரு தரமும் அணையவில்லை. இருந்தாலும் என்னமோ ஒரு திருப்திக்காகப் புது ராம் ஒன்று வாங்கிப் போட்டேன். அதுவும் ஒரு வாரம்தான்.

மிச்சம் இருந்தது பவர் சப்ளை. நின்றபின் மூன்று தரம் அழுத்தினால்தான் எழுந்திருக்கிறது என்பதால், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தெம்பில்லை என்று நானே தீர்ப்பு எழுதினேன். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், முகூர்த்தம் முடிந்த கையோடு பட்டுவேஷ்டியோடு ரிச்சி தெருவுக்குப் போய் ஒன்று வாங்கி வந்தேன். யூ.பி.எஸ். பேட்டரியையும் மாற்றினேன். இப்போது அந்தப் பெட்டிக்குள் பழசு என்று சொல்ல மதர்போர்டும் ஹார்ட் டிஸ்கும்தான் பாக்கி. அப்படியும் நின்றது. போன ஆயுத பூஜைக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே, குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, நெற்றியில் கெட்டியாகச் சந்தனம் குழைத்து வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, பொரி நைவேத்தியம் வைத்துக் கும்பிட்டேனே, சரஸ்வதிக்குக் கண் இல்லையா என்று நொந்துகொண்டேன்.

விண்டோஸிலேயே நடந்ததெல்லாம் எழுதி வைக்கும் பேரேடு ஒன்று உண்டு; 'ஈவென்ட் வியூவர்' என்பார்கள். அதைப் பார்க்காமல் விட்டேனா? பார்த்தேன். ஒவ்வொரு முறை நின்றதற்கும் சிவப்பு அடையாளத்தோடு 41 என்ற எண்ணில் ஒரு பதிவு இருந்தது. முறையாக நிறுத்தப்படாமல் கம்ப்யூட்டர் மறுபடி துவங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. மரணச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'உயிர் போய்விட்டது' என்று எழுதினாற்போல. பக்கத்தில் 'விவரங்கள்' என்று இன்னொரு பக்கம் இருந்தது. அதையும் திறந்தேன். பிழைக் குறியீடு: 0. அதாவது விண்டோஸ் தானாக விழவில்லை. கீழே பவர் பட்டன் அழுத்தப்பட்ட நேரம் என்று ஒரு வரி. அதற்கு எதிரே பதினெட்டு இலக்கத்தில் ஒரு எண். 1601 ஜனவரி 1 முதல் எத்தனை நூறு நானோ நொடி கடந்திருக்கிறது என்ற கணக்காம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி உரிமைப் பத்திரம் கொடுத்த தேதிக்கு மறுநாள்! காலண்டர் வித்தியாசத்தை விட்டுத்தள்ளுங்கள். அவர்கள் கணக்கை எங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள் பாருங்கள். இந்த ஆராய்ச்சியில் ஒரு மத்தியானம் போனது. எண்ணின் பூர்வீகம் வரை போனவன், அந்த எண் அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்கவில்லை. அணைந்தபின் நான் மறுபடி ஆன் செய்ய அழுத்தினேனே, அந்த நேரமாக இருக்கும் என்று டிக் அடித்துவிட்டு மேலே போய்விட்டேன்.

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை. மறுநாள் ஆயுத பூஜை. அரிவாள்மணை, ஸ்க்ரூடிரைவர், மிக்ஸி எல்லாம் கழுவித் துடைத்தாயிற்று. ஈரத் துணியோடு மேஜைக்கடியில் குனிந்தேன். பெட்டியை ஒரு மணைமேல், பென்டிரைவ் சொருகக் குனிய வேண்டாமென்று அதன் முகத்தை என் வலது முழங்காலைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பேன். முன்பக்கத்தைத் துடைக்கையில் பவர் பட்டன் லேசாக உள்ளே போனது. போனது வரவில்லை. விரலால் நெருடினேன், அரை மில்லிமீட்டர் உள்ளேயே சொக்கி நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்துக்கும் நடுவே, நூல் கனத்துக்கு, மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்த ஒரு கோடு. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

போன வருஷம் நான் 'நெற்றி' என்று நினைத்துப் பொட்டு வைத்த இடம் அதுதான். பெட்டி முகத்தின் உச்சியில், நட்ட நடுவில், வட்டமாக, பொட்டு வைக்கவென்றே செய்து வைத்தாற்போல இருந்தது. ரோஜாத் தண்ணீர் விட்டு நன்றாகக் குழைத்த சந்தனம் இடுக்கில் இறங்கி, உலர்ந்து, ஒரு வருஷமாகச் சிமென்ட் வேலை பார்த்திருக்கிறது.

பெங்களூருக்கு ஃபோன் செய்தேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொன்னான்: அந்தப் பட்டன் நம் வீட்டு விளக்கு சுவிட்ச் மாதிரி இல்லை மாமா, காலிங் பெல் மாதிரி. இரண்டு கம்பியை ஒரு கணம் தொட வைக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை மதர்போர்டு பார்த்துக்கொள்ளும். சும்மா ஒரு தட்டுத் தட்டினால் விண்டோஸைக் கேட்டு நடக்கும். நீங்கள்தான் ஒன்றும் செய்யாதே என்று சொல்லி வைத்திருக்கிறீர்களே. ஆனால் நாலு நொடி தொடர்ந்து அழுந்திக் கிடந்தால் அது விண்டோஸைக் கேட்காது. நேரே மின்சாரத்தை வெட்டிவிடும். பாம்புக்குப் பல் பிடுங்கினேன் என்றேனே, விஷப்பல் அப்படியே இருந்திருக்கிறது. பேத்தி தட்டிவிட்டு ஓடுவாள். நாலு நொடி ஒரே இடத்தில் நிற்கிற குழந்தை அல்ல. ஆகவே அது வெளியே தெரியவில்லை.

பாதி உள்ளே போய்ச் சொக்கி நிற்கும் பட்டனை மீதிப் பாதி தள்ளியது யார் என்ற கேள்வி பாக்கி இருந்தது. மனைவி அடுக்களை வாசலில் நின்றபடி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "காலை ஆட்டுங்க." ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. சொல்லி ஆட்டினால் கால் எப்படி ஆடும்? சடங்கு மாதிரி இருந்தது. "அப்படி இல்ல" என்றாள். "அந்த 37 ரூபாயைத் திறங்க."

திறந்தேன். ஏப்ரல் சந்தா. மே. மோட்டார் காயில் கட்டிய ரசீது. மோட்டார் ரசீதில் தொகை எழுத்தால் ஒன்றும் எண்ணால் ஒன்றுமாக இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தேடிப் பழைய கோப்பைத் திறந்தேன். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன் என்று தோன்றிய கணத்தில் திரை இருண்டது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. குனிந்து பார்த்தேன். என் வலது முழங்கால் மெஷின் தையல்போல இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஓரத்தில் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. கையை வைத்து நிறுத்த வேண்டியதாயிற்று. பட்டன் முழுசாக உள்ளே போய் நிம்மதியாகப் படுத்திருந்தது.

நோட்டில் நாலாவது பத்தி முழுக்க 'யோசனை', 'மேற்படி' என்று எழுதியிருந்ததன் அர்த்தம் அப்போது விளங்கிற்று. கடைக்காரத் தம்பி மேஜையில் கால் ஆட்ட ஆள் இல்லை. மெம்டெஸ்ட் ஓடிய இரவில் கால் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் முழங்கால்கள் நாற்காலி மேலே சம்மணத்தில் இருந்தன. மூன்று தரம் அழுத்தினால்தான் எழுந்தது என்றால், முதல் இரண்டு அழுத்தலும் சொக்கிய பட்டனை வெளியே எடுக்கவே செலவாயின. பேரேட்டில் அந்தப் பதினெட்டு இலக்க எண்ணும் ஒவ்வொரு தரமும் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருந்தது: பவர் பட்டன் அழுத்தப்பட்டது. வவுச்சர் இணைக்கப்பட்டிருந்தது, டிக் அடித்ததும் நான்தான்.

காது குடையும் பட்ஸில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு இடுக்கைச் சுற்றித் துடைத்தேன். நாலாவது பட்ஸில் பட்டன் 'டிக்' என்று குதித்து வெளியே வந்தது. பெட்டியை மேஜையின் அந்தப் பக்கத்துக்கு மாற்றினேன். செலவைக் கூட்டினேன்: ஃபார்மட் 600, ராம் 1,850, எர்த் 5,200, எஸ்.எம்.பி.எஸ். 2,900, பேட்டரி 1,050. ஆக 11,600 ரூபாய். காலாட்டினால் லட்சுமி தங்க மாட்டாள் என்று அம்மா சொன்னதைச் சோதிக்கும் விதம் தெரியாமல் ராகுவைப் போய்ப் பிடித்தேன். இந்தக் கணக்கு மட்டும் ஒரு பைசா உதைக்கவில்லை.

மறுநாள் பூஜை. வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மனைவி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி ஒரு பார்வை பார்த்தாள். மோதிர விரலில் மிகக் கொஞ்சமாகத் தொட்டு, பெட்டியின் பின்பக்கம், ஓட்டை உடைசல் எதுவும் இல்லாத தகட்டில், கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன்.

கட்டிலில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, நெத்தியில வைக்காம முதுகுல வைக்கிறே?"

என்ன பதில் சொல்வது என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். கால் ஆட ஆரம்பித்தது.